கரிசலில் ஓட்டு: தென்காசி தொகுதியும் திருவேங்கடம் வட்டாரமும்

சித்திரை பிறந்த ஆறாம் நாள், 2024 ஏப்ரல் 19 அன்று தென்காசி மக்களவைத் தொகுதியில் ஓட்டுப்பதிவு நடந்தது. திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகள் அப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கோடை மழை ஒன்று விழுந்தால் உழவு ஓட்டலாம் என்று வானத்தைப் பார்த்திருந்த நேரம். காட்டில் பயிரும் இல்லை, பெரிதாக வேலையும் இல்லை. 2004, 2009, 2014, 2019 தேர்தல்களும் இப்படிக் கோடையில்தான் வந்தன.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1980 தேர்தல் ஜனவரியில் வந்தது. உளுந்து, பாசி நெற்று பறிக்கும் காலம் அது. 1984-ல் டிசம்பர் 24. 1989-ல் நவம்பர், அதாவது அடைமழைக்கு நடுவே களை எடுக்கும் பருவம். 1998-ல் பிப்ரவரி, பருத்தி எடுப்பு தொடங்கும் நேரம். 1999-ல் செப்டம்பர், புரட்டாசிப் பட்டத்துக்கு விதை சேகரிக்கும் நேரம். வெள்ளாமை காட்டில் நிற்கும்போது ஓட்டுக் கேட்டு வருபவரிடம் விவசாயி கேட்கும் கேள்வி வேறு. வெறுங்காட்டில் நின்று கேட்கும் கேள்வி வேறு. கோடைத் தேர்தலில் போன வருஷத்து நஷ்டம்தான் பேச்சில் முதலில் வரும்.

இன்றைக்குப் பலருக்கு நினைவில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சங்கரநயினார்கோவில் என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. காங்கிரஸைச் சேர்ந்த மு. சங்கரபாண்டியன் அதில் வென்று டெல்லிக்குப் போனார். 1957-ல் அவரே தென்காசி தொகுதியில் வென்றார். சங்கரன்கோவில் பெயர் அதன்பின் சட்டமன்றத் தொகுதிக்கு மட்டும் என்றானது. 1962-ல் எம்.பி. சாமி. 1967-ல் மாநிலம் முழுக்க தி.மு.க. அலை அடித்தபோதும் தென்காசியில் காங்கிரஸின் ஆர்.எஸ். ஆறுமுகம் வென்றார். 1971-ல் ஏ.எம். செல்லச்சாமி.

அந்நாளைய காங்கிரஸ் சின்னம் முதலில் பூட்டிய இரட்டைக் காளை, பிறகு பசுவும் கன்றும். உழவு மாடு இல்லாத வீடே இல்லாத காலத்தில் அந்தச் சின்னத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் இதே தொகுதியில் இரண்டு முறை கதிர் அரிவாளும் வென்றது.

1977 முதல் 1996 வரை தென்காசி என்றால் மு. அருணாசலம்தான். 1977, 1980, 1984, 1989, 1991 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1996-ல் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் சைக்கிள் சின்னத்தில் ஆறாவது முறையாக வென்றார். இதற்கிடையே கூட்டணிகள் எத்தனையோ முறை மாறின. தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறிக் காங்கிரஸோடு சேர்ந்தன, பிரிந்தன. ஆனால் தென்காசி சீட்டு பெரும்பாலும் காங்கிரஸுக்கே ஒதுக்கப்பட்டது. அதனால் உதயசூரியன் சின்னம் இந்தத் தொகுதியில் முதன்முதலில் வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விவசாயிகள் அருணாசலத்தை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. மத்தியில் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த அவர், 1997 ஜூன் முதல் 1998 மார்ச் வரை ஐ.கே. குஜ்ரால் அமைச்சரவையில் ரசாயனம், உரத்துறைக்கு அமைச்சராக இருந்தார். டி.ஏ.பி., பொட்டாஷ் உரங்களின் விலைக்கட்டுப்பாடு 1992 ஆகஸ்டில் நீக்கப்பட்டுவிட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் இருந்தது. யூரியா மலிவு, மற்றவை விலை அதிகம் என்பதால் தழைச்சத்தை அள்ளிப் போட்டு மணி, சாம்பல் சத்துகளைக் குறைக்கும் பழக்கம் பரவியதற்கு அந்த விலை வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தால் போட்ட உரமும் வீண். ஆகவே கரிசல் விவசாயிக்கு உர விலையைவிட மழையும் பயிர்க் காப்பீடும்தான் பெரிய கவலை. உரத்துறை அமைச்சரே தங்கள் எம்.பி.யாக இருந்தும் இந்தப் பகுதி மானாவாரிக்குத் தனி வழி எதுவும் பிறக்காததை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

1998-ல் அ.தி.மு.க.வின் எஸ். முருகேசன் தொகுதியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே மறுதேர்தல் வந்தது. 1999-ல் அவர் பாரதிய ஜனதா வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். பல லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தொகுதியில் இது இரண்டு மூன்று வாக்குச்சாவடிக் கணக்கு. திருவேங்கடம் பக்கத்து இரண்டு ஊர்கள் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்தத் தேர்தலில் புதிய தமிழகம் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். அதன் பிறகும் 2024 வரை அவர் திரும்பத் திரும்ப இங்கே நின்றார், தனித்தும், தி.மு.க. அணியிலும், அ.தி.மு.க. அணியிலும் நின்று பார்த்தார். வெற்றி கிடைக்கவில்லை.

2004-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மு. அப்பாத்துரை தி.மு.க. அணியிலும், 2009-ல் அதே கட்சியின் பொ. லிங்கம் அ.தி.மு.க. அணியிலும் வென்றார்கள். 2014-ல் அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசன், 2019-ல் தி.மு.க.வின் தனுஷ் எம். குமார், 2024-ல் தி.மு.க.வின் டாக்டர் ராணி ஸ்ரீகுமார். கடைசித் தேர்தலில் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 96 ஆயிரம்.

வேட்பாளர் பெயர்களைவிட விவசாயிக்கு முக்கியமானது தொகுதியின் எல்லை. 2008 மறுசீரமைப்புக்கு முன் தென்காசி தொகுதியில் அம்பாசமுத்திரமும் ஆலங்குளமும் இருந்தன. அம்பாசமுத்திரம் தாமிரபரணிப் பாசனம், நெல் விளையும் பூமி. அவை திருநெல்வேலிக்குப் போய், விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இங்கே சேர்ந்தன. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி மாறவில்லை. தாமிரபரணிக்காரர்கள் போய், வைப்பாற்றுப் படுகைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஓடும் நிட்சேப நதியும் வைப்பாற்றில்தான் கலக்கிறது. அந்த வகையில் ஒரே தண்ணீர்ப் பிரச்சினை உள்ளவர்கள் ஒரே எம்.பி.யின் கீழ் வந்தது நல்லதே. அதை யாராவது திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு விஷயம்.

தொகுதி பல பத்தாண்டுகளாகத் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்றும் தனித்தொகுதிகள். மக்கள்தொகை விகிதப்படி செய்யப்படும் ஒதுக்கீடு இது. கலிங்கப்பட்டியைச் சொந்த ஊராகக் கொண்ட வைகோ, 1998-லும் 1999-லும் பக்கத்துச் சிவகாசியில் நின்று வென்றார். தன் ஊர் இருக்கும் தொகுதியில் அவர் நிற்க முடியாது, ஓட்டு மட்டும் போடலாம்.

தேர்தல் தோறும் கேட்கும் வாக்குறுதி செண்பகவல்லி அணை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் நீரைக் கிழக்கே திருப்ப, சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் பழங்காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. உடைந்த தடுப்புச் சுவர் பல பத்தாண்டுகளாகச் சரிசெய்யப்படவில்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில் பகுதிக் குளங்கள் அந்த நீரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. அரசியல் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. இரண்டு மாநிலத்து ஆறுகள் என்றால்தான் மத்திய அரசு வரும். எனவே இந்த விஷயத்தில் எம்.பி. பேசலாம், வற்புறுத்தலாம், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவை தமிழ்நாடும் கேரளமும்.

நேரடியாக எம்.பி.யிடம் கேட்கத் தக்கவை வேறு. உளுந்துக்கு 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 2,400 ரூபாய். இரண்டும் டெல்லி முடிவு. 2021 மே முதல் உளுந்து, துவரை இறக்குமதிக்கான கட்டுப்பாடு நீக்கப்பட்டதும், பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரி 2025 ஆகஸ்டில் தற்காலிகமாக எடுக்கப்பட்டதும் டெல்லி முடிவுதான். காப்பீட்டில் ரபி பருவத் தானியம், பயறுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதம், பருத்திக்கு 5 சதவீதம். அந்த விகிதத்தை வகுத்ததும் மத்திய அரசே. 2018-ல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்த சில மாதங்களில் 2019 தேர்தல் வந்தது. இழப்பீடு குறித்த கேள்விகள் அப்போது பிரசார வண்டிகளை வழிமறித்தன. தெரு விளக்கும் பேருந்து நிழற்குடையும் கேட்டு நேரத்தைச் செலவிட்ட ஊர்களும் இருந்தன. எம்.பி.யின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது.

மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைதான். அடுத்து எல்லை வரைய ஆணையம் வரும்போது, 2002 சட்டத்தின்கீழ் நடந்ததுபோல், வரைவை அரசிதழில் வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டால், வைப்பாற்றுப் படுகை ஊர்கள் ஒரே தொகுதியில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். விவசாயிகள் சங்கங்கள் பஞ்சாயத்துத் தீர்மானத்தோடு அந்த மனுவைத் தயாரித்து வைத்திருப்பது நல்லது. ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் அவகாசம் குறைவாகவே இருக்கும்.