உங்களுக்குத் தெரியுமா? பல மொழிப் பள்ளிக்கூடங்கள்

முதல் உலகப்போருக்குப் பிறகு பன்னாட்டுச் சங்கத்தின் தலைமையகம் ஜெனீவாவுக்கு வந்தது. பல நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த அதிகாரிகள், தங்கள் பிள்ளைகளுக்காக 1924-இல் அங்கே ஒரு சர்வதேசப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பயிற்றுமொழிகள். பள்ளி இன்றும் நடக்கிறது. தாய் கமலாவின் சிகிச்சைக்காக 1926-இல் சுவிட்சர்லாந்து போனபோது சிறுமி இந்திரா பிரியதர்சினியும் (பின்னாளில் இந்திரா காந்தி) அங்கே படித்தார்.

* * *

"ஆறு மாசத்துல இங்கிலீஷ் பிச்சு உதர்றான்" என்று பெருமைப்படும் பெற்றோர் கவனிக்க: விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி வேறு, பாடம் எழுதும் மொழி வேறு. புது மொழியில் சரளமாகப் பேச ஒரு பிள்ளைக்குச் சுமார் 2 ஆண்டு போதும். அதே மொழியில் அறிவியல் விடையைக் காரணகாரியத்தோடு எழுத 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகலாம் என்கிறார் கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். சாப்பாட்டு இடைவேளையில் வாயாடும் பிள்ளை, 'ஏன் என்று விளக்குக' என்ற கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு விழிக்கிறது என்றால் அது சோம்பல் அல்ல. கம்மின்ஸ் சொல்லும் இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய்மொழியில் புரிந்துகொண்ட கருத்து புது மொழிக்கும் உதவும். அதனால் வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

* * *

புது மொழி வகுப்பில் சேர்ந்த சில குழந்தைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட வாய் திறப்பதில்லை. ஆசிரியர்கள் இதை 'மௌன காலம்' என்பார்கள். காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பேசச் சொல்லி நெருக்காமல் இருப்பதே நல்லது.

* * *

பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் 'ஐரோப்பியப் பள்ளி'களில் முதலாவது 1953-இல் லக்ஸம்பர்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து எட்டே ஆண்டுகள். ஒன்றையொன்று குண்டு வீசி அழித்த நாடுகளின் பிள்ளைகள் ஒரே கட்டடத்துக்குள் வந்தார்கள். இத்தாலியப் பிள்ளை கணக்கை இத்தாலிய மொழியிலேயே படிக்கும்; மேல்வகுப்பில் வரலாற்றையும் புவியியலையும் இரண்டாம் மொழியில், மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும். போர் வரலாற்றை அப்படிக் கலந்து உட்கார்ந்து படிக்கவைத்த துணிச்சலை நினைத்தால் மரியாதை கூடுகிறது. தொடக்க வகுப்புகளுக்கு 'ஐரோப்பிய நேரம்' என்று ஒரு வகுப்பு உண்டு. எல்லா மொழிப் பிரிவுக் குழந்தைகளும் கலந்து கைவேலை, சமையல், விளையாட்டு என்று ஏதாவது செய்வார்கள்.

* * *

வெள்ள மீட்புப் பணியில் நாம் பார்க்கும், அடிப்பாகம் கெட்டியாகவும் சுற்றிக் காற்றுக் குழாயோடும் இருக்கும் ரப்பர் படகு எங்கே உருவானது? ஒரு பள்ளியில்! கல்வியாளர் கர்ட் ஹானின் எண்ணத்தில், 1962-இல் வேல்ஸ் கடற்கரைக் கோட்டை ஒன்றில் அட்லாண்டிக் காலேஜ் தொடங்கியது. பல நாட்டு 16 வயதுக்காரர்கள் சேர்ந்து தங்கிப் படிக்கும் இடம். பிறருக்கு உதவும் வேலையைச் செய்துதான் குணம் வளரும் என்பது ஹானின் நம்பிக்கை. அதனால் மாணவர்களே கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் பணியில் இறங்கினார்கள். காற்றடைத்த படகின் துணி அடிப்பாகம் அலையிலும் கரையிலும் அடிபட்டுக் கிழிந்தது. தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அவரும் மாணவர்களும் பட்டறையில் ஒட்டுப்பலகையை அடியில் பொருத்திப் பார்த்தார்கள். தேறும்வரை மாற்றி மாற்றிச் செய்தார்கள். காப்புரிமை 1973-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்குப் போனது. விலை 1 பவுண்ட்! அந்நிறுவனத்தின் ஒரு படகு வகைக்கே 'அட்லாண்டிக்' என்றுதான் பெயர்.

* * *

பன்னாட்டுப் பள்ளிகள் பலவற்றில் உள்ள ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) டிப்ளமோவில் படைப்பாற்றல், உடற்செயல்பாடு, சேவை மூன்றும் கட்டாயம். மதிப்பெண் கிடையாது. ஆனால் இவற்றை முடிக்காதவருக்கு டிப்ளமோவும் கிடையாது.

* * *

இந்தியாவில் ஐ.பி. டிப்ளமோவை முதலில் கொண்டுவந்தது நம் கொடைக்கானல்தான். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி, 1976-இல் அதில் இறங்கியது.

* * *

பெற்றோரின் வேலைக்காக நாடு நாடாக வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்பார்கள். இந்தப் பெயரைத் தந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தவர். இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி பிரிவு வரும். அதற்காக, இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதிய டேவிட் பொல்லாக் நான்கு படிகள் சொன்னார்: ஊரைவிட்டுப் போகும்முன் சண்டை போட்டவர்களோடு சமாதானமாகிவிடு, உதவியவர்களுக்கு நன்றி சொல், ஆட்களிடம் மட்டுமல்ல, பிடித்த மரத்தடி, வளர்த்த நாய் எல்லாவற்றிடமும் விடைபெறு, போகும் ஊரைப் பற்றி யோசி. 'சும்மா அழாதே, அங்கே புது ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க' என்று நாம் அவசரமாகத் தாண்டிப் போவது மூன்றாவது படியைத்தான்.

* * *

தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாத ஐ.பி. பள்ளியிலும், பள்ளியின் மேற்பார்வையில் மாணவரே அந்த மொழி இலக்கியத்தைப் படித்துத் தேர்வு எழுத வழி உண்டு. பள்ளி சொல்லும்வரை காத்திராமல், சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள்.