வரி செல்லும் வாயிலும் உதவி திரும்பும் வாயிலும்: பிரெஞ்சு நிதிக்கொள்கையும் லாச்சப்பல் தமிழ்க் குடும்பங்களும்

பாரிசு நகரின் வடக்குத் தொடருந்து நிலையத்தை அடுத்துள்ள லாச்சப்பல், 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் கடைவீதியாக உருப்பெற்றது. அங்குள்ள மளிகைக் கடைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களைப் பிரெஞ்சு அரசின் வரிகளும் வரவு செலவுத் திட்டமும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வருமான வரி செலுத்தாத குடும்பம் அரசுக்கு எதுவும் செலுத்துவதில்லை என்பது பரவலான எண்ணம். அது பொருந்தாது. பிரான்சில் 1954இல் அறிமுகமான பெறுமதி சேர் வரி எல்லோரிடமும் அறவிடப்படுகிறது. அரிசி, பருப்பு போன்ற உணவுப்பொருள்களுக்கு 5.5 வீதமும், உணவகச் சாப்பாட்டிற்கு 10 வீதமும், உடை, நகை, கைப்பேசி ஆகியவற்றிற்கு 20 வீதமும் விலையிலேயே அடங்கியுள்ளன. மாதம் 1,800 யூரோ ஈட்டும் ஒரு குடும்பம் இவ்வகைச் செலவில் 100 யூரோ வரி செலுத்துவதாகக் கொள்வோம். அது வருமானத்தில் 5.6 வீதம். 9,000 யூரோ ஈட்டும் குடும்பம் அதைப்போல் இருமடங்கு செலவிட்டு 200 யூரோ செலுத்தினும், அது 2.2 வீதமே. சேமிக்க இயலாதவர் மீதே இவ்வரியின் சுமை கூடுதலாக விழுகிறது.

செல்வத்தின் மீதான வரி எதிர்த்திசையில் நகர்ந்தது. 2017 அக்டோபரில் வீட்டு வாடகை உதவியில் மாதம் 5 யூரோ குறைக்கப்பட்டது. அடுத்த சனவரியில் செல்வ வரி நீக்கப்பட்டு, 13 இலட்சம் யூரோவிற்கு மேற்பட்ட நிகர அசையாச் சொத்துக்கு மட்டுமான வரி அதன் இடத்தைப் பெற்றது. பங்குகளும் பிற நிதிச் சொத்துகளும் விலக்குப் பெற்றன. நான்கு பில்லியன் யூரோவைத் தாண்டியிருந்த வருவாய், முதலாண்டில் ஏறத்தாழ 1.3 பில்லியனாகச் சுருங்கியது. முதலீட்டைப் பிரான்சில் நிறுத்துவதே நோக்கம் என அரசு கூறியது. சேமிப்பைச் சீட்டிலும் தாலிக்கொடியிலும் வைத்திருக்கும் குடும்பத்திற்கு இச்சலுகையால் நேரடிப் பயன் இல்லை.

வரிக்கழிவுகளின் இயல்பும் இதுவே. யாழ்ப்பாணத்தில் வறுமையுற்றிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைத் தக்க சான்றுகளுடன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் வருமான வரி செலுத்துபவருக்கே கழிவு பயன்படும். அவ்வரி விதிக்கப்படாத உழைப்பாளி அனுப்பும் பணத்திற்கு ஈடேதும் இல்லை.

வறிய குடும்பத்தை உண்மையில் தாங்குவது கொடுப்பனவுகளே. அவற்றை அடைவதற்கு ஆவணங்கள் வேண்டும். 2016இல் தொடங்கிய உழைப்பு ஊக்கக் கொடுப்பனவு, அறிவிக்கப்பட்ட ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் பொதுவாக ஐந்தாண்டுகள் வேலை உரிமையுள்ள வதிவிட அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். அகதி நிலை பெற்றோருக்கு இந்நிபந்தனை இல்லை. 2018 நவம்பரில் எழுந்த மஞ்சள் அங்கிப் போராட்டத்தின் பின் குறைந்த ஊதியத்தாருக்காக அரசு உயர்த்தியதும் இக்கொடுப்பனவையே. பதிவின்றிக் கையில் வாங்கும் சம்பளத்திற்கு அவ்வுயர்வில் ஒரு சதமும் சேரவில்லை.

பதிவற்ற ஊதியம் முதற்பார்வையில் வரியை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். நாளடைவில் அது ஓய்வூதியத்தையும் வேலையிழப்புக் காப்பையும் பறிக்கிறது. அகதி நிலை பெறாதவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக் காட்டவேண்டிய வருமானச் சான்றையும் இல்லாமற் செய்கிறது. சமூக வீட்டிற்கு விண்ணப்பிக்கும்போதும் வரி அறிவித்தல் கேட்கப்படுகிறது. வரி விதிக்கப்படாதவரும் ஆண்டுதோறும் வருமானத்தை அறிவித்து அவ்வறிவித்தலைப் பெறுதல் இதனாலேயே இன்றியமையாதது.

ஆகவே, ஏற்றத்தாழ்வை வரிவீதங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. லாச்சப்பலின் வறிய குடும்பத்திடமிருந்து வரி கடையிலேயே அறவிடப்படுகிறது. அதற்கு எந்த ஆவணமும் கேட்கப்படுவதில்லை. உதவி திரும்பும்போதே ஆவணம் கேட்கப்படுகிறது. இவ்விரு வாயில்களுக்கும் இடைப்பட்ட தொலைவே அக்குடும்பத்தின் வறுமையை நீட்டிக்கிறது.