பகடை உருளுமுன்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ராபர்ட்சன்பேட்டையில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்தில் இளைஞர் நால்வர் வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவே சில தாள்களும் பென்சில்களும் பல முகம் கொண்ட பகடைகளும் கிடந்தன. ஒருவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்களோ, “நான் கோட்டை மதிலில் ஏறுகிறேன்,” “நான் பூதத்தோடு பேசிப் பார்க்கிறேன்” என்று இடையிடையே கூறினர். திடீரென்று ஒரு வாக்குவாதம் மூண்டது.

“எனக்கு 20 விழுந்தது, மதிலில் ஏறிவிட்டேன்!”

“விதிப்படி ஏற முடியாது, கூட்டிப் பார்!”

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அன்னையார், “வாரம் முழுதும் ரயிலில் பெங்களூருக்கு அலைந்து சம்பாதிக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு நாளிலும் சூதாட்டமா, கண்ணு?” என்று மனம் நொந்தார்.

அந்த அம்மையாரின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் 94ஆம் அதிகாரத்தைச் சூதின் தீமைக்கென்றே வகுத்தார். கூலிப் பணம் பகடையில் கரைந்தால் அடுப்பு எரியாது என்பதை உழைக்கும் குடும்பங்கள் நன்கு அறியும். ஆயினும் அன்று நாம் கண்டது சூதன்று. அதில் பணயம் என்பதே இல்லை. அது யாதென வாசக அன்பர்களுக்குச் சற்று விளக்க விரும்புகிறோம்.

இவ்வாட்டத்தின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். அமெரிக்க நாட்டவரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்பர். தெருக்கூத்தில் வேடம் புனைவது போன்றதே இது. ஆனால் அரிதாரமும் மேடையும் இல்லை. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதும் இல்லை. செயல் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

பாத்திரத்தை அமைப்பதுதான் முதல் வேலை. வலிமை, விரைவு, உடலுறுதி, அறிவு, விவேகம், பிறரை ஈர்க்கும் ஆற்றல் என ஆறு இயல்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தொடக்க நாட்களில் ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டி, விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டனர். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் உச்ச எண்ணாகிய 18 வருவது ஒரே ஒரு வகையில்தான். பிறப்பைப் போலவே அதுவும் நம் விருப்பத்தில் இல்லை. பின்னாளில் மற்றொரு முறையும் வந்தது. ஆட்டக்காரனுக்கு 27 புள்ளிகள் முதலாகத் தரப்படும். அவற்றைக் கொண்டு ஒவ்வோர் இயல்பையும் 8 முதல் 15 வரை அவனே அமைத்துக்கொள்ளலாம். ஒன்றை உயர்த்தினால் மற்றொன்றைத் தாழ்த்தத்தான் வேண்டும்.

நம் குடும்பங்களும் இவ்வாறு அளந்த முதலைப் பங்கிட்டு வாழ்ந்தவை அல்லவா? மகளின் படிப்புக்குச் செலவிட்டால் வீட்டுக் கூரை ஒழுகும்; கூரையை வேய்ந்தால் படிப்பு நிற்கும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது விழுந்த பகடையை நாம் உருட்டவில்லை. அதன்பின் எதை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்பதை மட்டுமே நாம் தேர்ந்துகொண்டோம்.

நிற்க. மதிலேறிய இளைஞனின் வழக்கிற்கு வருவோம். அவன் ஏற்றது மந்திரவாதிப் பாத்திரம். அறிவுக்கு 15 வைத்து, வலிமைக்கு 8 மட்டுமே வைத்திருந்தான். வலிமை 8 ஆனால், வலிமை வேண்டும் செயல்களில் ஒன்று கழியும். கதை நடத்துவோன் மதிலுக்கு வகுத்த இலக்கு 20. பகடையில் 20 விழுந்தும், ஒன்று கழிய நின்றது 19. போரில் தாக்கும்போது 20 விழுந்தால் அடி தவறாது என்பது ஆட்ட நூலின் விதி. மதிலேறுதல் போன்ற செயல்களுக்கு அவ்விதி இல்லை. ஆயினும் பல வீடுகளில் எல்லாச் செயல்களுக்கும் அதைப் பொதுவாக்கி ஆடுகின்றனர். ஆக, இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. குறை, முன்னரே பேசிக்கொள்ளாமையே.

இத்தகைய வழக்கு நமக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் குழுமம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்து லைன் வீடுகளில் குடியேறினர். ஒவ்வோர் ஊராரும் தத்தம் தாய ஆட்டத்தையும் உடன் கொணர்ந்தனர். இரு பித்தளைக் கட்டைகள் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயம் விழுவது இரண்டில்தான். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதில் யாவரும் ஒன்றே. ஆனால் எதிரியின் காயை வெட்டாதவன் உள்கட்டத்தில் நுழையலாமா? எவ்வெண் விழுந்தால் மறுமுறை உருட்டலாம்? இவற்றில் ஊருக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை. ஆதலின், சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்ததும், “உங்கள் வீட்டில் எப்படி?” என்று கேட்ட பின்னரே கட்டையைக் கையிலெடுக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். பல ஊரார் ஓர் ஊராராக வாழக் கற்பதும் இக்கேள்வியில்தான் தொடங்குகிறது.

கேட்காமல் விட்டால் வருவது யாது? பாரதமே சான்று. துரியோதனன் பணயம் வைப்பான், அவனுக்காகச் சகுனி உருட்டுவான் என்றபோது, ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையன்று எனத் தருமன் சொன்னான். சொல்லிவிட்டு ஆடவும் அமர்ந்தான். நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், தன்னையும் இழந்தான், முடிவில் பாஞ்சாலியை வைத்தான். அவளோ அவையை நோக்கி, முதலில் தோற்றது தன்னையா, என்னையா என வினவினாள். தன்னையே இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமை ஏது? விகர்ணன் ஒருவன் அவள் பக்கம் நியாயம் பேசினான். அறத்தின் நுட்பத்தை அறுதியிட இயலவில்லை என்றார் பீஷ்மர். வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். அந்தக் கேள்வி எத்துணைப் பெரிது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பகடை உருளுமுன் எழுந்த கேள்வியைத் தருமன் பாதியில் கைவிட்டான். உருண்டபின் எழுந்த கேள்விக்கு அவையில் விடை கிட்டவில்லை.

இதனை அவ்விளைஞர்களிடம் நாம் எடுத்துரைக்க வாய் திறக்குமுன், அன்னையாரே கூடத்திற்கு வந்துவிட்டார். காசு எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் கண்டு தெளிந்தார். வழக்கையும் கேட்டார். “தாயம் ஆடுமுன் பாட்டி வீட்டில் பேசிக்கொள்வோமே, அதுபோல் நீங்கள் பேசிக்கொள்ளவில்லையா? இந்த முறை நூலில் உள்ளபடி முடியட்டும். அடுத்த முறைக்கு என்ன வழக்கம் என்று இப்போதே எழுதி வையுங்கள்” என்றார். மதிலேறியவனின் முகம் சற்று வாடியது. ஆயினும் பென்சிலை எடுத்துத் தாளின் மேற்புறத்தில் அவனே எழுதினான். தனக்குச் சாதகமாக விழுந்த பகடையை விதிக்காக விட்டுக்கொடுத்த அந்நேரத்தில், தாளில் இருந்த பாத்திரத்தைவிட அவனே ஒரு படி உயர்ந்தான் என்று நமக்குத் தோன்றியது.

பெற்றோர்களே! பிள்ளைகள் பகடையைக் கையிலெடுத்தால் உடனே கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமருங்கள். பணயம் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில் தடுத்து நிறுத்துங்கள். இல்லையெனில், “உங்கள் விதி என்ன?” என்று கேளுங்கள். நீங்கள் ஆடிய தாயத்தையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.