கடுகளவு ஆண்டெனா

வீட்டுக் கூரைகளின் மீது தொலைக்காட்சி ஆண்டெனாக்கள் மீன்முள்போல் நீண்டு நின்ற காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்றைய கைபேசியிலோ அத்தகைய கொம்பு ஏதும் வெளியே தெரிவதில்லை. ஆண்டெனா உள்ளே ஒளிந்துகொண்டது. அதனினும் ஒருபடி மேலே சென்று, சிலிக்கன் சில்லின் மீதே ஆண்டெனாவைப் பொறிக்கும் வித்தையையும் விஞ்ஞானிகள் கைக்கொண்டுள்ளனர். இச்சிறுமை எவ்வாறு கைகூடியது? அதனால் நம் குடும்பங்களுக்கு யாது பயன்? சற்றே சிந்திப்போம்.

மின்னோட்டத்தை அலையாக மாற்றி வெளியே அனுப்புவதும், வந்துசேரும் அலையை மீண்டும் மின்னோட்டமாக்குவதும் ஆண்டெனாவின் பணி. அது செவ்வனே நடைபெற, ஆண்டெனாவின் நீளம் அலைநீளத்தில் பாதியாகவோ கால்பங்காகவோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், அட்லாண்டிக் கடலைக் கடந்துவந்த சமிக்ஞையை நியூஃபவுண்ட்லாந்தில் பெற்றதாக மார்க்கோனி அறிவித்தார். அதற்காக அவர் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள கம்பியைப் பட்டத்தில் கட்டி வானில் ஏற்ற நேர்ந்தது. அவர் கையாண்ட அலைகள் அத்துணை நெடியவை. கைபேசிகள் பயன்படுத்தும் 900 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதன் கால்பங்கு 8 சென்டிமீட்டர்.

அலை மாறாதிருக்க ஆண்டெனாவை மட்டும் சுருக்கினால் என்ன? அதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை 1948இல் சூ என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அளவுக்கு மீறிச் சுருக்கினால், ஒரே சமயத்தில் அனுப்பத்தக்க செய்தியின் அளவு குறுகும். அன்றேல் சக்தி வெப்பமாக வீணாகும். ஆகவே ஆண்டெனா சிறுக்கவேண்டுமெனின் அலையே சிறுக்கவேண்டும்.

அத்தகைய சிற்றலைகளை நம் நாட்டவர் ஒருவர் நூற்றாண்டுக்கு முன்பே கையாண்டார் என்பது பெருமைக்குரியது. கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில், பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவான லஃபோன் அடிகளாரிடம் பௌதிகம் பயின்ற ஜகதீச சந்திர போஸ் அவர்களே அவர். 1890களில் அவர் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். இன்றைய 60 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளமும் அதுவே. அதில் பாதி இரண்டரை மில்லிமீட்டர். ஒரு சில்லின் பரப்பிலேயே அடங்கிவிடும்.

எனினும் சிலிக்கன் அலைகளுக்கு நல்ல துணை அன்று. மேல்நோக்கிக் காற்றில் செல்லவேண்டிய அலையை அது தன்பால் இழுத்து, வெப்பமாக்கிவிடுகிறது. இதனால் பலர் ஆண்டெனாவைச் சில்லின் மீது வையாது, அதை மூடியுள்ள உறையில் அமைக்கின்றனர். ஆயினும் அலை மேலும் குறுகும்போது, சில்லையும் ஆண்டெனாவையும் இணைக்கும் சிறு கம்பிகளே சக்தியைப் பெரிதும் விழுங்கத் தொடங்கும். அந்நிலையில் சில்லின் மீதே ஆண்டெனாவைப் பொறிப்பது ஆதாயமாகிறது. நம் குருக்கள் பலர் உயர்கல்வி பயிலச் செல்லும் பெல்ஜியத்தின் லூவேன் நகரில், ஐமெக் என்னும் ஆய்வு நிலையத்தார் 2019இல் இத்தகைய ராடார் சில்லொன்றை அறிவித்தனர். அதன் அலைநீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே.

குறுகிய அலை நெடுந்தூரம் செல்லாது, சுவர் தடுத்துவிடும். ஆனால் ஓர் அறைக்கோ, ஒரு காரின் உட்புறத்துக்கோ அது போதும் அன்றோ? மேலும், உறங்கும் குழந்தையின் மார்பு மூச்சினால் எழுந்து தாழ்வது சில மில்லிமீட்டர் அளவே. நெடிய அலைக்கு அது பொருட்டன்று. 5 மில்லிமீட்டர் அலைக்கோ அது பெரிய அசைவு. திரும்பிவரும் அலையில் நேரும் மாற்றத்தைக் கொண்டு, போர்வைக்குள் துயிலும் குழந்தையையும் ராடார் அறிந்துகொள்ளும்.

பின்னிருக்கையில் உறங்கிய குழந்தையை மறந்து, பெற்றோர் காரைப் பூட்டிச் செல்லும் துயரம் பல நாடுகளில் நிகழ்கிறது. வெயிலில் மூடிய காரின் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட விரைவாகச் சூடேறும். இதனைத் தடுக்கும் பொருட்டு, 60 கிகா ஹெர்ட்ஸ் ராடார்களைக் கார்களுக்குள் பொருத்த அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2021இல் சில நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கியது. காரில் விடப்பட்ட குழந்தையை உணர்ந்து எச்சரிக்கும் ஏற்பாட்டுக்கு, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைத் தரம்பிரிக்கும் யூரோ என்கேப் 2023 முதல் மதிப்பெண் அளித்து வருகிறது.

எல்லாக் கார்களிலும் இக்கருவி இல்லை. ஆதலால் பெற்றோரே, கதவைப் பூட்டுமுன் பின்னிருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை மாறாத வழக்கமாகக் கொள்ளுங்கள். கைப்பையையோ கைபேசியையோ குழந்தையின் அருகிலேயே வைத்துவிடுங்கள். அதை எடுக்கச் செல்லும் கை குழந்தையையும் எடுத்துவரும். கருவி வரும்வரையில் நம் கண்ணே காவல். கருவி வந்த பின்னரும் அதுவே முதற் காவல்.