படம் வரையும்போது நின்றுவிடும் கணிப்பொறி

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் நாள் முழுவதும் தடையின்றி உழைக்கும் வீட்டுக் கணிப்பொறி, முப்பரிமாண விளையாட்டையோ நிலப்பட மென்பொருளையோ திறந்ததும் நின்றுவிடுகிறது. இப்புகாரைக் கேட்டவுடன் கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டதென்று முடிவு கட்டிவிடுவோர் பலர். பல கணிப்பொறிகளில் மிகுந்த விலையுள்ள உறுப்பு அதுவே. புதிய கார்டைப் பொருத்திய பின்னரும் அதே கோளாறு நீடிக்குமாயின், செய்த செலவு வீணே. கோளாறு உஷ்ணத்தால் நேர்ந்ததா, மின்சாரத்தால் நேர்ந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குத் தேவையான கருவி ஒரு கடிகாரம்.

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 முறை படம் மாறுவதெனில், ஒவ்வொரு விநாடியும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தாக வேண்டும். கடிதம் எழுதும்போது பத்துப் பதினைந்து வாட் மட்டுமே கொள்ளும் நடுத்தரக் கார்டு, இவ்வேலையில் 150 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடும். இழுத்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. மின்சாரத்தின் தேவை நொடிப்பொழுதில் உயர்கிறது. உலோகத் தகடுகள் சூடேறவோ சில நிமிஷங்கள் ஆகின்றன. இந்தக் கால வேறுபாடே நோயறியும் வழி.

வேலை தொடங்கிப் பத்து, இருபது நிமிஷங்களுக்குப் பின், விசிறிகள் இரைந்து, படம் தயங்கித் தயங்கி நகர்ந்து, அதன்பின் பொறி நின்றால் உஷ்ணத்தையே முதலில் ஐயுற வேண்டும். உடனே மீண்டும் இயக்கினால் முன்னைவிட விரைவில் நிற்கும். அரை மணி ஆறவிட்டால் பழைய நேரம் தாக்குப்பிடிக்கும். அறையின் உஷ்ணம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சில்லின் உஷ்ணமும் ஏறும். ஜனவரியில் 22 டிகிரி அறையில் 72 டிகிரி காட்டிய சில்லு, மே மாதத்து 40 டிகிரியில் 90ஐ எட்டலாம். குளிர்காலத்தில் ஒழுங்காயிருந்த பொறி கோடையில் நிற்பதற்கு வேறு மர்மம் தேவையில்லை. அறை உஷ்ணம், சில்லின் உஷ்ணம், நின்ற நேரம் ஆகிய மூன்றையும் மாணவரைக்கொண்டு அட்டவணையாக எழுதச் செய்தால், அதுவே நல்லதொரு பௌதிகப் பாடமாகும்.

ஐயத்தைச் சோதிக்க, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை உள்நோக்கி வைக்கலாம். நிற்கும் நேரம் தள்ளிப்போனால் காரணம் உஷ்ணமே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகடுகளிடையே அடைந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்ற வேண்டும்; அப்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்வது நலம். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை சில ஆண்டுகளில் உலர்ந்து போவதுண்டு. அதைப் புதிதாகத் தடவினாலே குணமாகும் பொறிகள் பல.

இதற்கு மாறாக, பொறி குளிர்ந்திருக்கும்போதே, காட்சி தொடங்கிய கணத்தில் பிளக்கைப் பிடுங்கினாற்போல் அணைந்தால், மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் யு.பி.எஸ்ஸை விலக்கிச் சுவர் இணைப்பிலேயே இயக்கிப் பார்க்கலாம். 600 வி.ஏ. என்று எழுதப்பட்ட மலிவான யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தரவல்லது. மின்னழுத்தம் தாழ்ந்து அது பேட்டரிக்கு மாறும் கணத்தில் பளு மிகுந்திருந்தால் அணைந்துவிடும். அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். அதன் மேல் எழுதியுள்ள மொத்த வாட் எண்ணை நம்புவதற்கில்லை. 12 வோல்ட் கம்பிக்கு எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். 18 ஆம்பியர் எனில் 216 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து அது போதாமற்போகலாம். வேறொரு நல்ல பெட்டியை மாற்றிப் பார்ப்பதே நேரான சோதனை. கழற்றக்கூடிய கம்பிகளை மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகாது. முனை பொருந்தினாலும் உள்ளமைப்பு வேறாயிருந்து பொறியைக் கருக்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறப்பதும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

திரை ஒரு கணம் இருண்டு, டிரைவர் மீண்டதாக அறிவிப்பு வருவது வேறு வகை. விண்டோஸில் கார்டு ஏறத்தாழ இரண்டு விநாடி பதிலளிக்காவிடில் டிரைவர் மீட்டமைக்கப்படுகிறது. டிரைவரை மாற்றி நிறுவுவது செலவற்ற முயற்சி. ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பொறி குளிர்ந்திருக்கும்போதே நிறக் கட்டங்களும் கோடுகளும் தோன்றினால், கார்டின் நினைவகமோ சில்லோ பழுதுற்றிருக்கக்கூடும். அத்தகைய கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. குணமானதுபோல் சில வாரங்கள் ஓடிப் பெரும்பாலும் மீண்டும் நின்றுவிடும். உணவு சமைக்கும் அடுப்பு நச்சுப்புகை படிந்து கெடும். பிராசஸரிலேயே படம் காட்டும் வசதி அமைந்திருந்தால், பழுதான கார்டைக் கழற்றிவிட்டுக் கடித வேலைக்கும் பாடங்களுக்கும் அப்பொறியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.