ஒரு லிட்டர் பெட்ரோலில் அரசுகளின் பங்கு

பெட்ரோல் விலையை உலகச் சந்தைதான் ஏற்றி இறக்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் பாதி உண்மையே. மறுபாதி டெல்லியிலும் சென்னையிலும் எடுக்கப்படும் வரி முடிவுகளைப் பொறுத்தது என்பதைத் திண்டுக்கல் பெட்ரோல் பங்க் ஒன்றில் விற்கப்படும் ஒரு லிட்டரின் விலையைப் பிரித்துப் பார்த்தாலே அறியலாம்.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. சுத்திகரித்த எண்ணெய் சென்னை மணலியிலிருந்து திருச்சி, மதுரை வரை குழாய் வழியாகவும், பின்னர் முனையங்களிலிருந்து டேங்கர் லாரிகளிலும் வருவதால் ஊருக்கு ஊர் விலை சிறிதளவு மாறுபடும். இதன்மேல் மத்திய அரசின் கலால் வரி, பங்க் உரிமையாளரின் கமிஷன், மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி ஆகியவை சேர்கின்றன. 2025 ஏப்ரல் நிலவரப்படி கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு. விலை 100 ரூபாயை ஒட்டி நிற்கும்போது மாநில வரி ஏறத்தாழ 21 ரூபாய். ஆக, அந்நிலவரப்படி 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டவர் 40 ரூபாய்க்கும் மேல் வரியாகச் செலுத்தினார்.

கலால் வரியின் உள்ளமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. அந்த 21 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதமெல்லாம் சிறப்புக் கூடுதல் வரி, சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என்ற பெயர்களில் வசூலாகிறது. மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியது அடிப்படை வரியை மட்டும்தான் என்பதால், 2026 மார்ச் வரை 15-ஆவது நிதிக்குழு வகுத்தபடி அதில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும், அந்தத் தொகையில் 4.079 விழுக்காடு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கணக்கிட்டால், லிட்டருக்கு 3 காசுகூட இல்லை. வரியைப் பகிர வேண்டாத பெயர்களுக்கு மாற்றிக்கொள்ளும் இந்த வழி கூட்டாட்சி முறைக்கு நேர்மையானதன்று.

விலைக் கட்டுப்பாடு பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றப்படும் முறை நாடெங்கும் வந்தது. கச்சா எண்ணெய் மலிந்தால் வாகன ஓட்டிக்கும் மலியும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் 2014-க்குப் பின் உலக விலை சரிந்தபோது, 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் கலால் வரி 2016 ஜனவரிக்குள் 21 ரூபாய் 48 காசாக உயர்த்தப்பட்டது. பெருந்தொற்றில் எண்ணெய் விலை வீழ்ந்த 2020-இலும் அதுவே நடந்தது. மே 5 அன்று ஒரே நாளில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டன. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரி குறைக்கப்பட்டது உண்மைதான். எனினும், ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்த காலம் உட்பட 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை நான்கு மாதத்துக்கும் மேலாக அசையாதிருந்த விலை, தேர்தல் முடிந்தபின் சுமார் இரண்டே வாரங்களில் 10 ரூபாய் அளவுக்கு ஏறியது, நாள்தோறும் மாறும் முறை ஏட்டளவில்தான் உள்ளது என்பதைக் காட்டிவிட்டது. விலையைச் செயற்கையாக அடக்கி வைப்பதும் இலவசமன்று. 2005 முதல் 2010 வரை எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாக வழங்கப்பட்ட எண்ணெய்ப் பத்திரங்களின் கடனைப் பிந்தைய ஆண்டுகளின் வரவுசெலவுத் திட்டங்களே சுமந்தன.

மாநில வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. 2017 முதல் தமிழ்நாடு பெட்ரோலுக்கு 34 விழுக்காடு வசூலித்தது. அம்முறையில் மத்திய அரசு கலால் வரியை 10 ரூபாய் கூட்டினால் மாநில வரியும் தானாக 3 ரூபாய் 40 காசு கூடும், அதாவது வரிக்கும் வரி. 2020 மே மாதத்தில் இது 15 விழுக்காடும் லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் சேர்ந்த கலப்பு முறையாக மாறியது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்த 3 ரூபாய்க் குறைப்புக்குப் பின் அது 13 விழுக்காடும் 11 ரூபாய் 52 காசும் ஆனது. நிலையான தொகை மிகுந்திருப்பதால் விலை ஏறும்போது மக்களின் சுமையும், இறங்கும்போது அரசின் இழப்பும் மட்டுப்படுகின்றன. குறைகள் இருந்தாலும் இது பழைய முறையைவிட மேலானது.

திண்டுக்கல் சமவெளியில் இந்தக் கணக்கு வாகனம் இல்லாதவரையும் தொடுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் காய்கறி லாரியின் டீசல் செலவு கூடினால் வாடகை கூடும். அந்தக் கூடுதல் பெரும்பாலும் விவசாயிக்குக் கிடைக்கும் கொள்முதல் விலையிலிருந்தே கழிகிறது. வேடசந்தூர் நூற்பாலைக்கு இருசக்கர வாகனத்தில் போய்வரும் தொழிலாளியும் சொகுசுக் கார் வைத்திருப்பவரும் லிட்டருக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் கிடைப்பது ஓரளவு ஆறுதல்.

பெட்ரோலியப் பொருள்களைச் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரும் யோசனையை 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய அவ்வரிக்கான மன்றம் ஏற்கவில்லை. இரு அரசுகளும் இவ்வருவாயை எளிதில் விடப்போவதில்லை. அந்த மாற்றம் வரும்வரை செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. பங்க்கில் தரும் ரசீதில் கலால் வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று தனித்தனியே அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். திண்டுக்கல் வாக்காளர்கள் இதைத் தங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.