சளிச் சோதனை

சளியைச் சோதிப்பதன் நோக்கம் காசநோய்க் கிருமியைக் கண்ணாற் காண்பதேயாகும். 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் கண்டறிந்த இக்கிருமி, செஞ்சாயம் ஏற்றப்பட்டபின் அமிலத்தாற் கழுவினும் நிறம் இழப்பதில்லை. ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை நுண்பெருக்கியில் தென்படுவது அரிது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனை பொய்த்துப்போகும்; நோயுள்ளவர் நோயற்றவரென வீடு திரும்புவார், அங்குள்ள குழந்தைகளுக்கும் நோய் பரவும்.

காலையில் வாய் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, ஆழ மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமிக் கொணர்ந்த சளியே வேண்டப்படுவது. இதை விளக்க இரண்டு நிமிடங்கள் போதும். பல இடங்களில் டப்பியை மட்டும் நீட்டிவிடுகின்றனர். கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய கருவிகள் குறைந்த கிருமிகளையும் காட்ட வல்லவை. எனினும் எச்சிலை இட்டால் அவற்றாலும் பயன் குறைவே.